எந்த மூளைக்காய்ச்சல்?

1998 செப்டம்பர் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரையொட்டிய பன்றிப் பண்ணைகளிலிருந்து காய்ச்சல், கடுந்தலைவலி, நினைவுத் தடுமாற்றம் என்று ஆட்கள் ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். சிலருடைய ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. பன்றியும் கொசுவும் உள்ள இடத்தில் மூளையைத் தாக்கும் காய்ச்சல் பரவினால், ஆசிய மருத்துவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அதுதான். அரசு கொசுப்புகை அடித்தது. பண்ணைக்காரர்களுக்குத் தடுப்பூசி போட்டது. நோய் அடங்கவில்லை. பயந்துபோனவர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட, அவற்றோடு நோயும் லாரி ஏறி நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போனது. பொருந்தாத விவரங்கள் தொடக்கத்திலிருந்தே கண்ணெதிரில் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். பன்றிகளே உரக்க இருமி மாண்டன. கடைசியில், 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், சுங்கை நிபா என்ற ஊரைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அதுவரை உலகம் அறியாத வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த நிபா வைரஸ் அது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே பரவல் நின்றது. அதற்குள் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தார்கள்.

மலேசிய மருத்துவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கையிலிருந்த தடயங்களை வைத்து எவரும் வந்தடையக்கூடிய முடிவுக்குத்தான் அவர்களும் வந்தார்கள். என் கவலை வேறு. ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் என்று தெரிந்துவிட்டால், எந்த மூளைக்காய்ச்சல் என்ற கேள்வியை ஆற அமரப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது ஆய்வுக்கூடத்தின் வேலை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. குடும்பங்களிடம் இருக்கிறது, செய்தித்தாள்களிடம் இருக்கிறது, சில நேரம் அரசின் சுகாதாரத் துறைகளிடமும் இருக்கிறது. கடந்த கால் நூற்றாண்டில் ஆசியாவில் நடந்தவற்றைப் பார்த்தால், பல இடங்களில் உயிர்கள் பிழைத்ததும் போனதும் அந்தக் கேள்வியை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு விடாப்பிடியாகக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே இருந்திருக்கிறது.

மூளையைச் சுற்றியுள்ள உறை அழல்வது ஒரு நோய். மூளைத் திசுவே அழன்று வீங்குவது இன்னொன்று. பேச்சு வழக்கில் இரண்டையும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்கிறோம். இங்கே நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. ரத்தத்தில் திரியும் கிருமிகள் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாதபடி அங்குள்ள ரத்தக்குழாய்ச் சுவர்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அந்த அரணைத் தாண்டும் வழி சில வைரஸ்களுக்குத் தெரியும். கொசு கொண்டுவரும் வைரஸ்கள் ரத்த வழியே வருகின்றன. வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு வழியே ஊர்ந்து ஏறுகிறது. உள்ளே புகுந்த வைரஸ் நரம்பணுக்களை நேரடியாகக் கொல்கிறது. அதை எதிர்க்கப் படையெடுக்கும் உடலின் தற்காப்பு அணுக்களும் அதே திசுவைச் சேதப்படுத்துகின்றன. வீங்கும் மூளைக்கு மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லை என்பதால், கை கால் வீக்கம்போல இதைப் பொறுத்திருந்து பார்க்க முடியாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனக்கு ஏற்பட்ட துன்பத்தை வெளிக்காட்ட மூளைக்கு உள்ள வழிகள் சில மட்டுமே: வலிப்பு, பிதற்றல், ஆள் அடையாளம் தெரியாமை, நடத்தை மாற்றம், மயக்கம். உள்ளே வைரஸ் இருந்தாலும், பாக்டீரியா இருந்தாலும், நஞ்சு இருந்தாலும், சர்க்கரை தீர்ந்துபோயிருந்தாலும் வெளியே தெரிவது ஏறத்தாழ ஒன்றுதான். ஜன்னி கண்டது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான். உலக சுகாதார நிறுவனமும் 2006இல் கண்காணிப்பு வசதிக்காகத் திடீர்க் காய்ச்சலோடு நினைவு மாற்றமோ புதிய வலிப்போ வந்த எவரையும் ஒரே தொகுப்பில் கணக்கெடுக்கச் சொன்னது. கணக்கெடுக்க அது சரியான வழி. ஆனால் கணக்குக்காகப் போட்ட தொகுப்பு மெல்ல மெல்ல ஒரே நோயின் பெயராகிவிட்டது.

அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் நோய்களில் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூர் பகுதியில். பிறகு விழுப்புரம், கடலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் இதன் பெயரோடு சேர்ந்துகொண்டன. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் இந்த வைரஸ் அமைதியாக வாழ்கிறது. பன்றியின் உடலில் பெருகுகிறது. நெல்வயலில் தேங்கிய நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுக்கள் அதை மனிதருக்குக் கொண்டுவருகின்றன. மனிதரிடமிருந்து அது மேலே போவதில்லை. தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வருகிறது. ஆனால் மூளை அழன்றவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள், பிழைத்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் வலிப்போ, முடக்கமோ, அறிவுக்குறைபாடோ நிலைத்துவிடுகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. எனினும் காரணம் தெரிந்ததால் தடுக்க முடிகிறது. நோய் காணப்படும் மாவட்டங்களில் குழந்தைக்கு 9 மாதத்திலும், மறுபடி 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் தடுப்பூசி போடுகிறார்கள். கொசுவின் பிறப்பிடம் நெல்வயல் என்று தெரிந்ததால், வேப்பம்பிண்ணாக்கு கலந்த யூரியாவையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதையும் தமிழ்நாட்டு வயல்களில் சோதித்துக் கொசுப்புழுக்களைக் குறைத்துக் காட்டினார்கள் ஆய்வாளர்கள். விளைச்சலைக் கெடுக்காமல் நோயைக் குறைக்கும் இந்த வழி ஏன் பரவலாகவில்லை என்பது வேளாண் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இதே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 2005இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில், கோரக்பூரைச் சுற்றி, 1,300க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள். அடுத்த ஆண்டே பெரிய அளவில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். தடுப்பூசி வேலை செய்தது. பரிசோதனைகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் பங்கு மளமளவென்று குறைந்தது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கோரக்பூர் மருத்துவமனையில் அதே அறிகுறிகளோடு குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள், இறந்துகொண்டும் இருந்தார்கள். ஏதோ இன்னொரு வைரஸ் என்று பல ஆண்டுகள் தேடினார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து சோதித்தபோது, அந்தக் குழந்தைகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் ஸ்க்ரப் டைபஸ் நோய்க்கான அண்மைக்கால எதிர்ப்பொருள் இருந்தது. நாம் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லும் நோய் அது. புதர்களில் வாழும் மிகச்சிறிய பூச்சியின் இளம்புழு கடித்து உடலுக்குள் போகும் பாக்டீரியா அதற்குக் காரணம். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற விலை குறைந்த மாத்திரைகளை ஆரம்பத்திலேயே கொடுத்தால், மூளையைத் தொடுவதற்கு முன்பே அடங்கிவிடும். அந்த முடிவுக்குப் பிறகு, காய்ச்சல் நிலையிலேயே குழந்தைகளுக்கு இந்த மருந்தைத் தொடங்கும்படி அரசு சொன்னது. அங்கே இறப்பு குறைந்ததற்குக் குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையங்களின் மேம்பாடு என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டு மாத்திரை ஒன்றுக்கே முழுப் புகழையும் கொடுக்க மாட்டேன். ஆனால் வைரஸ் என்று முடிவு கட்டிவிட்ட மனத்துக்கு அந்த மாத்திரை தோன்றவே தோன்றாது என்பதை மறுக்க முடியாது.

பிகாரின் முசாஃபர்பூர் இதைவிடவும் கசப்பான பாடம். 1995 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில், லிட்சிப் பழக்காலத்தில், நேற்று மாலைவரை ஓடியாடிய குழந்தை விடியற்காலையில் வலிப்போடு கிடக்கும். மழை இறங்கியதும் நோய் தானாக நின்றுவிடும். அதையும் மூளைக்காய்ச்சல் என்றே எழுதினார்கள், வைரசைத் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. வேலூரைச் சேர்ந்த வைரஸ் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், இது தொற்றே இல்லை, லிட்சியிலுள்ள நச்சுப்பொருள் குழந்தைகளின் சர்க்கரையை வீழ்த்துகிறது என்று வாதிட்டார். 2014இல் இந்திய, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையங்களின் ஆய்வாளர்கள் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். 122 பேர் இறந்திருந்தார்கள். சர்க்கரை பார்க்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. லிட்சியில் ஹைப்போகிளைசின் என்ற நச்சுப்பொருளும் அதன் நெருங்கிய உறவுப் பொருள் ஒன்றும் இருந்தன. ஜமைக்காவில் அக்கிப் பழத்தைப் பழுக்காமல் தின்றவர்களை வீழ்த்தியதும் இதே நச்சு. ராச்சாப்பாடு இல்லாமல் தூங்கிய, ஏற்கெனவே வற்றிய உடலுள்ள குழந்தைக்கு அது போதும். வசதியான வீட்டுக் குழந்தைகளும் லிட்சி தின்கிறார்களே, லிட்சியே தின்னாத குழந்தைக்கும் வந்ததே, வெயில் காரணமாக இருக்கக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்பது நியாயமே. பழத்தின் பங்கு எவ்வளவு, பசியின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் தொடரட்டும். சர்க்கரை இறங்கியிருந்தது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்து, உடனே குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் இருபது ஆண்டுகளாக வைரஸ் நோயாளிகள் என்ற பெயரில் இறந்தார்கள். பிள்ளைக்கு இரவு சோறு போட்டுத் தூங்க வையுங்கள் என்ற அறிவுரையால் நோய் குறைந்தது. 2019இல் அந்த விழிப்பு தளர்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மறுபடி மாண்டார்கள்.

இதற்கெல்லாம் எதிராக அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் சொல்லக்கூடியது இது: வலிப்போடு வந்த நோயாளியின் முன் நின்றுகொண்டு காரணத்தை ஆராய நேரம் ஏது? முதலில் மூச்சு, வலிப்பு, சர்க்கரை, காய்ச்சல். பிறகு ஊகத்தில் மருந்துகள். அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அந்த ஊகத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முன்பு ஒரு காலத்தில் யாரோ காரணத்தைத் தேடியதுதான் முடிவு செய்திருக்கிறது. காய்ச்சலோடு உதட்டோரத்தில் பூக்கும் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ், எவருக்கு எப்போது என்று சொல்ல முடியாதபடி, அரிதாகச் சிலரின் மூளைக்குள் இறங்குகிறது. காதோரம் இருக்கும் பொட்டுப்பகுதி மூளையை அது அரிக்கிறது. பேச்சும் நினைவும் குணமும் மாறுகின்றன. மனநோயோ என்று வீட்டார் மயங்குவதும் உண்டு. மருந்தில்லாத காலத்தில் இந்த நோய் வந்த பத்துப் பேரில் ஏழு பேர் இறந்தார்கள். 1986இல் வெளியான ஆய்வில் அசைக்ளோவிர் ஊசி பெற்றவர்களில் இறந்தவர்கள் 28 விழுக்காடு. மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு நாளுக்கு மேல் தாமதித்துத் தொடங்கினால் பலன் வெகுவாகக் குறைகிறது. எனவேதான் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் அசைக்ளோவிரை ஏற்றுகிறார்கள். முடிவு வந்ததும் தேவையில்லாத மருந்தை நிறுத்தவும், தேவையானதை இரண்டு மூன்று வாரம் விடாமல் கொடுக்கவும் காரணம் தெரிந்தாக வேண்டும். மூன்றாம் நாள் கண் விழித்துவிட்டார் என்று ஊசியைப் பாதியில் நிறுத்துவது இந்த நோயில் பெரிய தவறு.

பெரும்பாலான வைரஸ்களுக்கு மருந்தே இல்லையே, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பது இன்னொரு கேள்வி. படுக்கையில் கிடப்பவருக்கு மட்டுமே மருத்துவம் என்றால் அந்தக் கேள்வி நிற்கும். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் ஒருவர் இறந்து அடுத்தவருக்கும் அதே அறிகுறிகள் வந்தபோது, இது வழக்கமான காய்ச்சலாக இல்லை என்று சந்தேகித்த மருத்துவர்கள் மாதிரிகளை மணிப்பால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நிபா என்று தெரிந்தது. நிபாவுக்கு மருந்தில்லை, அந்தப் பரவலில் 17 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு, நோயின் பெயர் தெரியுமுன், மருத்துவமனைத் தாழ்வாரங்களில்தான் தொற்றியது. நோயாளியைப் பராமரித்த செவிலியர் ஒருவரும் இறந்தார். பெயர் தெரிந்த பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணித்தார்கள். ஜூனில் பரவல் நின்றது. 2003இல் ஆந்திரத்தில் 329 குழந்தைகளைத் தாக்கி 183 பேரைக் கொன்ற சண்டிபுரா வைரசுக்கும் மருந்தில்லை. ஆனால் அதைக் கொண்டுவருவது மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத்தொழுவத்திலும் பதுங்கும் மணல் ஈ என்று தெரிந்தால், மருந்தடிக்க வேண்டிய இடம் சாக்கடை இல்லை, வீட்டுச் சுவர் என்பது தெரிகிறது.

காரணம் தேட நம் மாவட்ட மருத்துவமனைகளுக்குப் பணமேது என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்.ஆர்.ஐ. கருவியும் பி.சி.ஆர். பரிசோதனையும் எல்லா ஊரிலும் கிடையாது. ஆனால் மேலே சொன்ன கதைகளில் உயிர் காத்திருக்கக்கூடியவை என்ன என்று பாருங்கள்: சர்க்கரை பார்க்கும் சிறு கருவி, உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல இருக்கும் கறுத்த பொருக்கை அக்குளிலும் தொடையிடுக்கிலும் தேடும் கண், என்ன சாப்பிட்டான், வீட்டில் வேறு யாருக்கு வந்தது, என்ன வேலை செய்கிறார் என்று கேட்கும் பொறுமை. இவற்றுக்குக் கோடிகள் வேண்டாம். முதுகுத்தண்டு நீர் எடுப்பதும் மாவட்ட அளவிலேயே செய்யக்கூடியதுதான். அதற்குத் தடையாக நிற்பது பணத்தைவிட அச்சம். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் ஏராளம். வளர்ந்தவர்களின் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, நீர் மட்டும் நிறைந்து நரம்பிழைகள் மிதக்கும் இடத்தில். இரண்டு நாள் தலைவலி வருவது சகஜம். மூளையில் அழுத்தம் கூடியிருக்கும் அறிகுறி இருந்தால் மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். அந்தச் சில மில்லி லிட்டர் நீர் சொல்வதை ரத்தம் பெரும்பாலும் சொல்லாது. இதை நிதானமாக எடுத்துச்சொல்ல மருத்துவமனையில் ஒருவர் இருந்தால் மறுப்பவர்களில் பாதிப்பேர் சம்மதிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

எல்லாம் செய்தும் காரணம் அகப்படாமல் போவதும் உண்டு. வசதிகளுக்குக் குறைவில்லாத இங்கிலாந்தில் 203 நோயாளிகளைத் துருவித் துருவிச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில்கூட 37 விழுக்காட்டினருக்குக் காரணம் தெரியவில்லை. அப்படியானால் தேடுவது வீண்தானே என்பவர்கள் அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: 21 விழுக்காட்டினருக்குக் கிருமியே காரணமில்லை, உடலின் தற்காப்பு தன் மூளையையே தாக்கியிருந்தது. அத்தகைய நோய்களில் முக்கியமான ஒன்றை ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007இல்தான் விவரித்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டி தூண்டுகிறது. தூக்கம் கெடும், இல்லாத குரல் கேட்கும், வாய் கோணி அசையும், வலிப்பு வரும். கலிஃபோர்னியாவில் இளவயதினரிடையே தேடியபோது எந்தத் தனி வைரசையும்விட இது அதிகமாக இருந்தது. 2007க்கு முன் இவர்கள் எல்லாம் காரணம் தெரியாதவர்கள் பட்டியலிலோ மனநலக் காப்பகத்திலோ இருந்தவர்கள். இன்று ஸ்டீராய்டும் எதிர்ப்புரத மருந்தும் கொடுத்து, கட்டி இருந்தால் அகற்றி, பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்ப முடிகிறது.

இந்தத் தேடல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பியதோடு முடிவதில்லை. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, சில வாரங்கள் கழித்து, இதே தற்காப்புக் கோளாறு தலைகாட்டுகிறது. குழந்தையானால் கை கால்கள் காரணமின்றி முறுக்கி ஆடும். வளர்ந்தவரானால் சந்தேகமும் கோபமும் மிகும். வைரஸ் திரும்பிவிட்டது என்றோ, மூளை கெட்டுப்போனவர் இனி இப்படித்தான் என்றோ விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறாக இருக்கலாம். அது சிகிச்சைக்கு இணங்கும் புதிய நோய். மருத்துவமனையிலிருந்து திரும்பி இரண்டு மூன்று மாதத்துக்குள் பேச்சிலோ நடையிலோ குணத்திலோ புதிதாக மாற்றம் தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் டிஸ்சார்ஜ் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு அதே நரம்பியல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.